சீனிப் போத்தலைச் சுற்றித் தண்ணீர்

சிவமயம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
09.07.2000

அன்புள்ள தங்கச்சி ராணிக்கு,

பதின்மூன்று வயதில் நீ குசினி வாசலில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் உன்னுடைய கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணை, என்ரை உடம்பு ஏன் என்னோடையே கோவம்?" என்றாய். எனக்கு அப்போதுதான் ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. விடை தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "கையை நீட்டு" என்று மட்டும் சொன்னேன்.

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மச்சான் ஞானசேகரமும் சுகமென்று அறிந்து சந்தோசம். இங்கே எனக்கும் உன் மச்சாள் குணேஸ்வரிக்கும் வயதுக்குரிய நோவுகளைத் தவிரக் குறையில்லை. மகன் கோணேசன் சீனன்குடாவில் ஒரு கொம்பனியில் கிளார்க்காக வேலைக்குப் போய் வருகிறான். மாலையில் அவனுடைய சைக்கிள் மணி கேட்டபிறகுதான் மச்சாள் அடுப்பை மூட்டுவா.

டொக்டர்மார் இங்கிலிசில் படம் கீறி விளங்கப்படுத்தியதாகவும், நீ தலையை ஆட்டிவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தாய். தமிழில் சொல்லச் சொல்கிறாய். சரி, கேள்.

எங்கள் வயிற்றில் சதையி என்று ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் சிறுதீவுகள் என்று பெயர் பெற்ற உயிர்க்கலக் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. இன்சுலினைச் சுரப்பவை அவைதான். உடம்புக்குள் ஒரு காவல் உண்டு. கிருமி வந்தால் பிடிப்பது அதன் வேலை. உன் சின்ன வயதில் அந்தக் காவல் உன் சொந்தச் சிறுதீவுகளை எதிரி என்று பிழையாக நினைத்து அழித்துவிட்டது. நீ கேட்ட கேள்விக்கு விடை அதுதான். முப்பது வருடத்துக்கு மேல் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள்.

இப்போது இறந்துபோன இரண்டு பேருடைய சிறுதீவுகளை உன் ஈரலுக்குள் விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். துறைமுக வாசலில் துவக்கோடு சென்றி நிற்கிறது. தினமும் போகிறவனும் பாஸ் காட்டத்தான் வேண்டும். உன் ஈரலில் குடிவந்தவர்களிடம் பாஸ் இல்லை. நீ விழுங்கும் குளிசைகள் காவற்காரனைக் கொல்வதில்லை, கொஞ்சம் கண் அயர வைக்கின்றன. அயர்வு கூடினால் கள்ளனும் உள்ளே வருவான். காய்ச்சல்காரருக்குக் கிட்டப் போகாதே என்று அதனால்தான் சொல்கிறார்கள். அயர்வு குறைந்தால் காவற்காரன் எழும்பி, "நீ ஆர்?" என்று கேட்பான். ஆகையால் குளிசை ஒரு வேளையும் தவறக்கூடாது.

ஊசி போடாமல் விடிகிற காலை எப்படி இருக்கிறது என்று எழுது. மச்சாள் உன்னை விசாரித்தா.

உன் அண்ணன்,
அருளம்பலம்


எட்மன்ரன், கனடா.
04.08.2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இறைவனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் நல்ல சுகம்.

உங்கள் சென்றிக் கதையை இங்கே நேர்ஸ் பிள்ளைக்கு என்னுடைய இங்கிலிசில் சொன்னேன். சிரித்துவிட்டு, தாங்கள் சொல்வதிலும் பார்க்க அது நல்லாக இருக்கிறது என்றாள்.

ஊசி இல்லாத காலையைக் கேட்டீர்கள். முதல் ஒரு கிழமை கை தானாகவே ஊசிப் பெட்டியைத் தேடிப் போனது. இப்போது தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறேன், ஒரு கரண்டி. வாயில் புண் இருக்கிறது, உறைப்புச் சாப்பிட ஏலாது. கால் வீங்குகிறது. எல்லாம் குளிசை செய்கிற வேலை. பரவாயில்லை. முன்பு எனக்கு இரத்தத்தில் சீனி இறங்குவது எனக்கே தெரியாது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடுவேன். இவர் இரவிரவாக என்னைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். இப்போது குறட்டை விடுகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்க எனக்கு அழுகை வருகிறது.

என்னோடு சோதனைக்கு இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கும் ஒரு பெண், பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். அவளும் என்னைப் போல விழுகிறவள். லைசன்சைப் பறித்துவிட்டார்கள். சிறுதீவுகளுக்காகக் காத்திருக்கிறாள். "உன் கை ஏன் இப்போது நடுங்குவதில்லை?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்குக் கிடைத்ததற்கு இரண்டு பேர் சாகவேண்டியிருந்தது, அண்ணா. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லமாட்டார்கள். தேத்தண்ணி குடிக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். கந்தசட்டி விரதத்துக்கு வீட்டில் எல்லோரும் பட்டினி கிடக்க, எனக்கு மட்டும் அம்மா குசினிக்குள் சோறு போட்டுத் தருவா. கலியாணம் முடித்த பிறகு என் மாமியார் சபையில் வைத்துச் சொன்னா, "இவ விரதம் பிடிச்சா இவவைத் தூக்கத்தான் நாலு பேர் வேணும்" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோணேசனுக்கு மாமியின் அன்பு. இருட்டமுன் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

தங்கை,
புஸ்பராணி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
05.10.2000

அன்புள்ள ராணிக்கு,

உன் உடம்பு எப்படி? வாய்ப்புண் ஆறிவிட்டதா? நான் பதில் எழுதப் பிந்தியது சுகவீனத்தால் அல்ல.

இந்தக் கடிதத்தை உனக்கு முன் வேறு யாரும் வாசிக்கலாம் என்பதால் சுருக்கமாகவே எழுதுகிறேன். போன மாதம் வேலையால் வரும்போது கோணேசனைச் சென்றியில் மறித்து வைத்துக்கொண்டார்கள். பாஸ் இருந்தது, அடையாள அட்டையும் இருந்தது. அன்று மாலை மணிச் சத்தம் கேட்கவில்லை. விசாரிக்கிறோம் என்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இப்போது தெரியும். ஒருதரம் பார்க்க விட்டார்கள். அவன் என்னைக் கேட்டது, "அம்மா சாப்பிடுறாவோ?" என்று மட்டும்.

உனக்கு எழுதிய உதாரணம் ஒன்று என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதை மறந்துவிடு.

மச்சாள் இம்முறை ஆறு நாளும் தண்ணீரோடு கந்தசட்டி பிடிக்கப் போகிறா. எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா சொல்வது காதில் கேட்கிறது: பெற்றவளுக்கு அடுத்தபடி மாமி பிடிக்கிற விரதம் பிள்ளைக்குச் சேரும் என்பா. முன்பு உன்னால் ஏலாமல் இருந்தது. இப்போது அந்தத் தடை இல்லை. யோசித்துக்கொள்.

மச்சானுக்கும் சொல். ரெலிபோன் எடுக்கவேண்டாம். கொமியூனிகேசன் கடையில் பத்துப் பேர் நிற்க எனக்குக் கதைக்க வராது.

அண்ணன்,
அருளம்பலம்


எட்மன்ரன்.
14.11.2000

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

கோணேசன் இருக்கும் இடத்தில் சுகமாக இருக்கவேண்டும். நீங்களிருவரும் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் விரதம் தொடங்க இரண்டு நாளைக்கு முன் வந்தது. பிடித்தேன் அண்ணா. இங்கே தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சந்தான். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் முருகன் படம் வைத்து, மாலையில் கூடிப் புராணம் படித்தோம். ஒருத்தரும் என்னை எழுப்பிச் சாப்பிடச் சொல்லவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மனுசி, "களைக்குதோ?" என்று மற்றவர்களைக் கேட்டதுபோலவே என்னையும் கேட்டா. அந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருடம் இருந்தேன் என்று அவவுக்குத் தெரியாது.

சீனி பார்க்கிற மீற்றரில் எண் இவ்வளவு நல்லாக ஒருநாளும் வந்ததில்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆறு நாளும் வாயில் தீர்த்தத்தைத் தவிர ஒன்றும் படவில்லை என்று மச்சாளுக்குச் சொல்லுங்கள்.

அவன் வருவான்.

புஸ்பராணி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
20.12.2000

அன்புள்ள ராணி,

கோணேசன் வந்துவிட்டான்.

முதலில் அதை எழுதிவிட்டேன். இனிச் சுகம் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? மச்சான் எப்படி?

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. ஓட்டோவில் வந்து இறங்கினான். மச்சாள் வாசல் படலையிலேயே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றா. மெலிந்துவிட்டான். ஆனாலும் கையும் காலும் முழுதாக வந்திருக்கிறான்.

நாற்பது வருடமாக விரதம் பிடிக்கிறவர்களைப் பகிடி பண்ணினவன் நான். இந்தக் கிழமை முழுவதும் வந்தவர் போனவர் எல்லோருக்கும் உன் விரதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "கனடாவிலை இருக்கிற தங்கச்சி, சீனி வருத்தக்காரி, ஆறு நாள் தீர்த்தத்தோடை கிடந்து பிள்ளையைக் கொண்டுவந்திட்டாள்" என்கிறேன். பக்கத்து வீட்டுக் கனகம்மா உன் பெயரைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தா.

அவன் மேசையில் இருந்து சாப்பிடுகிறான். சாப்பிட்டு முடிந்ததும் கதிரையை விட்டு எழும்ப என்னிடம் அனுமதி கேட்கிறான். "எழும்பட்டோ?" என்கிறான். மற்றப்படி நல்லாக இருக்கிறான்.

உனக்கு நாங்கள் எப்படிக் கைம்மாறு செய்வது?

அண்ணன்


எட்மன்ரன்.
22.01.2001

அன்புள்ள அண்ணா,

கடிதத்தை இவர் சத்தமாக வாசித்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். முருகா, முருகா. அவனை நல்லாகச் சாப்பிடச் சொல்லுங்கள். கைம்மாறு என்றெல்லாம் எழுதவேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு ஒருமாதிரி இருக்கிறது.

நான் சுகம். சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது. மார்கழி தொடக்கம் ஏறுகிறது. நவம்பரில் எடுத்த இரத்தத்தில் மருந்து குறைவாக இருந்ததாம். வயிற்றுப்போக்கு இருந்தது என்று சொன்னேன். குளிசையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். சரிவராவிட்டால் மூன்றாம் தரமும் சிறுதீவுகள் தருவதாக யோசிக்கிறார்களாம்.

இங்கே பனி. வேறு விசேசம் இல்லை.

புஸ்பராணி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
16.02.2001

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் வழக்கத்திலும் பார்க்கச் சின்னது. குளிரில் கை விறைத்திருக்கும் என்று மச்சாள் சொல்கிறா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் டொக்டர் அல்ல, ஆனாலும் சீனி ஏன் ஏறுகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஐந்து கேள்வி. காய்ச்சல், தடிமல் ஏதும் வந்ததா? உடம்பு நிறை கூடிவிட்டதா? புதிதாக வேறு மருந்து, கை மருந்து ஏதும் எடுத்தாயா? அந்த வயிற்றுப்போக்கு எத்தனை நாள் இருந்தது? விரத நாட்களில் குளிசையை எதோடு விழுங்கினாய், வெறும் தண்ணீரோடா, பாலோடா? வெறும் வயிற்றில் அது பிடிக்காமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கோணேசன் வேலைக்குத் திரும்பவில்லை. கொம்பனி புதுப் பாஸ் எடுக்கச் சொல்கிறது. அவன் வீட்டில் இருக்கட்டும். படலை திறக்கும் சத்தத்துக்கு இன்னும் எழும்பி நிற்கிறான்.

ஆறுதலாகப் பதில் எழுது.

அருளம்பலம்


எட்மன்ரன்.
09.03.2001

அன்புள்ள அண்ணா,

நீங்கள் மூவரும் சுகமென்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

காய்ச்சல் வரவில்லை. நிறை கூடவில்லை, குறைந்திருக்கிறது. கை மருந்து ஒன்றும் எடுக்கவில்லை. வயிற்றுப்போக்கு ஒரு கிழமை அளவில் இருந்தது என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மருந்து ஏன் உடம்பில் சுவறவில்லை என்று பார்க்க வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பிழையில்லையாம்.

திரும்பவும் ஊசி போடுகிறேன், கொஞ்சமாக. இவரின் குறட்டை நின்றுவிட்டது.

மூன்றாம் தரத்துக்கு என் பெயரை முன்னுக்குப் போட்டிருக்கிறார்களாம். அந்த பஸ் ஓட்டின பெண் எனக்குப் பின்னால். "உனக்கு நல்லபடி நடக்கவேண்டும்" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

கனகம்மா அக்காவுக்கு என் விரதத்தைப் பற்றிக் கதைக்கவேண்டாம், அண்ணா.

புஸ்பராணி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
30.03.2001

அன்புள்ள ராணி,

இன்றைக்கு எனக்குச் சுகம் விசாரிக்க வாய் வரவில்லை. உனக்குச் சுகமில்லை என்று தெரியும். ஏன் என்பதும் இப்போது தெரியும் என்று நினைக்கிறேன்.

ஐந்து கேள்வி கேட்டேன். நாலுக்கு விடை வந்தது. சோதனைத்தாளில் பிள்ளை ஒரு கேள்வியை விட்டால் அது அவளுக்குத் தெரியாத கேள்வி என்றுதான் பார்ப்போம். சிலவேளை அதுதான் அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த கேள்வி.

போன திங்கட்கிழமை நானும், என்னோடு கணக்குப் படிப்பித்த அபூதாஹிரும் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கனகம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. முகம் வெளிறியிருந்தது. அவவுக்கும் சீனி வருத்தம். மகன் காணாமற்போய் நாலு வருடம். அன்று பங்குனித் திங்கள் விரதம்.

"என்ன பிள்ளை, தலை சுத்துதோ? குளிசை போட்டதோ?" என்று அபூதாஹிர் கேட்டார்.

"விரதத்திலை குளிசை விழுங்கினா அது விரதமோ மாஸ்டர்? அருளம்பலம் சேரின்ரை தங்கச்சி விழுங்கினவவே? ஆறு நாளும் தீர்த்தம் மட்டும் எண்டு சேர்தானே ஊரெல்லாம் சொன்னவர். அவவின்ரை குரல் கேட்ட கடவுள் என்ரையும் கேக்கட்டும்."

மச்சாள் ஓடிவந்து அவவைக் கதிரையில் இருத்திக் கஞ்சி கொடுத்தா. அபூதாஹிர் என்னைத்தான் பார்த்தார். "எங்கட நோன்பில வருத்தக்காரருக்கு விடுதலை இருக்கு. ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாச் சரி. உங்கட ஆக்களுக்கும் அப்படி ஏதும் இருக்கும்தானே சேர். அதைச் சொல்லாமல் நீங்க வேற கதை சொல்லித் திரிஞ்சிருக்கிறியள்" என்றார்.

வாயில் தீர்த்தத்தைத் தவிர ஒன்றும் படவில்லை. அந்த வசனத்தை எத்தனை பேருக்குப் பெருமையாகச் சொன்னேன். அதன் பொருள் எனக்கு மட்டும் ஏறவில்லை. ஏறவிடாமல் வைத்திருந்தேனோ தெரியாது.

ராணி, நான் உன்னை விரதம் பிடி என்று எழுதவில்லை. யோசித்துக்கொள் என்றுதான் எழுதினேன். வகுப்பிலும் அப்படித்தான் செய்வேன். விடையைச் சொல்லாமல் விடையின் பக்கம் பிள்ளையைத் தள்ளிவிடுவேன். நீ வேறு விடை எழுதமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதினேன். என் பிள்ளைக்காக உன் உடம்பைக் கேட்டேன். கேட்டதுபோலத் தெரியாமல் கேட்டேன். நம்பிக்கை உள்ளவன் கேட்டிருந்தால் ஒருவாறு மன்னிக்கலாம். நான் அதுவும் இல்லாதவன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் நீயும் உன்னுடையதைச் சொல்லமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

இனிக் குளிசை விடயம். பழைய உதாரணம் வேண்டாம், வேறு சொல்கிறேன். எங்கள் குசினியில் சீனிப் போத்தலை ஒரு தட்டில் வைத்து, சுற்றிவரத் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீர் எறும்பைக் கொல்வதில்லை, தள்ளி நிறுத்துகிறது. இரண்டு நாள் தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறிவிடும். பிறகு நீ இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே ஏறினது இறங்காது. உள்ளே எறும்பு இருப்பதே தெரியாமல் வீட்டுக்காரர் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே இருப்பார். உன் டொக்டர்மார் அப்படித்தான் குளிசையைக் கூட்டுகிறார்கள்.

தண்ணீர் வற்றின கதையை நீதான் அவர்களுக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மருந்தே பிழை என்று எழுதுவார்கள். உனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் மருந்தை மாற்றுவார்கள். இன்னொரு வீட்டில் ஓர் ஆள் செத்து, அவருடைய சிறுதீவுகள் உன் பொய்யின்மேல் வந்து குடியிருக்கும். சொன்னால் உன் பெயரைப் பின்னுக்குப் போடக்கூடும். அதையும் தெரிந்துகொண்டுதான் போய்ச் சொல் என்கிறேன்.

விரதத்தை அவர்களுக்கு விளங்கப்படுத்த ஏலாது என்று நினைக்காதே. ஆறு நாள் குளிசை போடவில்லை என்பது எந்தப் பாசையிலும் ஒரு வசனந்தான்.

அண்ணன்,
அருளம்பலம்


எட்மன்ரன்.
20.04.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை கடிதத்தின் ஒழுங்குக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் தனியே நின்று வாசித்தேன். நீங்கள் எழுதினதால்தான் நான் பிடித்தேன் என்று முழுவதையும் உங்கள் தலையில் போடவேண்டாம். பாதி கோணேசனுக்காக. மறுபாதி, எல்லோரோடும் சேர்ந்து ஒருதரம் பட்டினி கிடக்கவேண்டும் என்ற என்னுடைய ஆசை. அதைச் சொல்லத்தான் எனக்குக் கூடுதலான வெட்கம்.

குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். நேரத்துக்கு அடிக்கிற மணிக்கூட்டை நிற்பாட்டினேன். மூன்றாம் நாள் மனம் ஒருமாதிரி இருந்தது. மீற்றரைப் பார்த்தேன், எண் நல்லாக இருந்தது. முருகன் காக்கிறார் என்று நினைத்தேன். சாப்பிடாதவளுக்குச் சீனி எங்கிருந்து ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊசியோடு வளர்ந்தவள், எனக்கே தோன்றவில்லை.

பிறகு கோணேசன் வந்துவிட்டான். நீங்கள் கைம்மாறு என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வது? அவன் வெளியே வந்ததற்கு நான் விலை கேட்பதுபோல் ஆகிவிடாதா?

வியாழக்கிழமை போய்ச் சொன்னேன். இவரையும் கூட்டிக்கொண்டு போனேன், அவருக்கும் அங்கேதான் தெரிய வந்தது. நீங்கள் எழுதித்தந்த வசனத்தைத்தான் முதலில் சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஏன் என்று கேட்டார். மருமகனைப் பிடித்து வைத்திருந்தார்கள், அதற்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது என்றேன். பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மருந்து தோற்றுவிட்டது என்று எழுதி வேறு மூன்று பேருக்கு அதை மாற்ற இருந்தோம், இனி மாற்றமாட்டோம் என்றார். வாசலில் எனக்குக் கை தந்தார். அந்தக் கையைப் பிடிக்க எனக்குத் தகுதி இருக்கவில்லை.

காரில் இவர் என்னுடைய சீற் பெல்ட்டைச் சரியாக மாட்டிவிட்டார். பிறகு கேட்டார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் குளிசையைத் தந்திருப்பியள்."

"ஓம். பின்னை என்னத்துக்கு நான்?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது பங்கு எனக்கு இல்லை. அடுத்ததாகக் கிடைப்பது அந்த பஸ்காரிக்குத்தான். என்னுடையதில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் ஒரு பகுதி இன்னும் உயிரோடு இருந்து சுரக்கிறதாம். அதைக் காப்பாற்றத்தான் இனிக் குளிசை. இரவில் ஒரு சின்ன ஊசி போடுகிறேன். தெரியாமல் விழுவது இன்னும் திரும்பி வரவில்லை.

கோணேசனுக்கு இதைச் சொல்லவேண்டாம். கனகம்மா அக்காவுக்கு மட்டும் முழுவதையும் சொல்லுங்கள். அதை என் பெயராலேயே சொல்லுங்கள்.

உங்கள் உதாரணம் கனடாவுக்குச் சரிவராது அண்ணா. இந்தக் குளிருக்கு இங்கே எறும்பையே காணவில்லை.

தங்கை,
புஸ்பராணி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
15.05.2001

அன்புள்ள ராணிக்கு,

நீயும் மச்சானும் சுகமாக இருக்கவேண்டும். அவருடைய கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்லலாம். ஆனால் சொல்லு.

கனகம்மாவுக்குச் சொன்னேன். படலையில் நின்று சொல்லவில்லை, அவவின் வீட்டுக்குள் போய், எதிரே இருந்து சொன்னேன். உன் பெயராலும் சொன்னேன், என் பெயராலும் சொன்னேன். நான் சொல்லி முடித்தபிறகு அவ எழும்பி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தா. பிறகு கேட்டா, "அப்ப அவவின்ரை விரதத்தாலை பிள்ளை வரேல்லையோ சேர்?" என்று. எனக்குத் தெரியாது என்றேன். உன் பதின்மூன்று வயதில் உனக்குச் சொல்ல வெட்கப்பட்ட விடையை அவவுக்குச் சொல்லிவிட்டேன். இப்போது குளிசையைத் தீர்த்தத்தோடு விழுங்குகிறா. ஐயரிடமும் கேட்டாவாம், குற்றமில்லை என்றாராம்.

மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறேன். பெருமையைச் சொல்ல ஒரு கிழமை போதுமாக இருந்தது. இதற்குக் கன நாள் எடுக்கும்.

கோணேசனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சீனிப் போத்தல் தட்டில் தண்ணீர் வற்றியிருந்ததை மச்சாள் கண்டு சத்தம் போட்டா. அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் ஊற்றினான். யாரையும் கேட்கவில்லை. நானும் மச்சாளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

உங்கள் ஊரில் எறும்பு இல்லாவிட்டால் பரவாயில்லை. நாளைக்கு ஒரு தட்டை எடுத்து, நடுவில் சீனிப் போத்தலை வைத்து, அதைக் குளிசைப் பெட்டிக்குப் பக்கத்தில் வை. காலையில் குளிசையை விழுங்கிவிட்டு, கையில் இருக்கும் கோப்பையில் மிஞ்சிய தண்ணீரை அந்தத் தட்டில் ஊற்று.

உன் அண்ணன்,
அருளம்பலம்